ஒரே அலமாரி, பதினோரு உடைகள்

கெஃப்
8 நவம்பர் 1998

அன்புள்ள விதாத்,

நீயும் உன் வீடும் நலமாக இருக்க இறைவன் அருளட்டும். நீ கடைசியாக எனக்கு எழுதியது போன பெருநாளுக்கு முந்திய வருடத்துப் பெருநாள் வாழ்த்து அட்டை. பின்பக்கத்தில் இரண்டு வரி, அதில் ஒரு வரி "அவசரமாக எழுதுகிறேன்". கோபமில்லை, சும்மா நினைவூட்டுகிறேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஹாதிக்கு முதுகுவலி, தானியக் கிடங்கு வேலையை விடவும் மாட்டார், வலியைச் சொல்லாமலும் இருக்க மாட்டார். ரீமுக்கு இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு. பேனாவை வாயில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடக்கிறாள். நான் அதே பெண்கள் பள்ளியில் அதே சரித்திரப் பாடம்.

எழுதக் காரணம் உண்டு. முந்தாநாள் ஆசிரியர் அறையில் நஜீபா டீச்சர் ஒரு பத்திரிகையை விரித்து, "இங்க பாரு ரவ்தா, பதினோரு துணியை வச்சுக்கிட்டு வருஷம் பூரா புதுசு புதுசா தெரியலாம்னு ஒருத்தி எழுதறா. எங்க வீட்டுக்காரர் கண்ல பட்டுடப் போகுது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். மேலே உன் படம்.

எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. "இவ என் கூட ஒரே ரூம்ல இருந்தவ" என்றேன். யாரும் நம்பவில்லை. நம்ப வைக்க முயன்று, கடைசியில் நானே கொஞ்சம் சந்தேகப்பட்டுப் போனேன்.

ஒரே ஒரு குறை. "இருபது வயதில், பெண்கள் விடுதியின் அறையில் தனியாக உட்கார்ந்து இந்த முறையைக் கண்டுபிடித்தேன்" என்று எழுதியிருக்கிறாய். தனியாகவாடி? அந்த அறையில் இரண்டு கட்டில்களும் ஒரு அலமாரியும் இருந்ததாக எனக்கு ஞாபகம்.

உன் பழைய,
ரவ்தா


துனிஸ்
25 நவம்பர் 1998

என் ரவ்தாவுக்கு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் அலுவலகத்திலேயே பிரித்துவிட்டேன். திட்டு, தகும். விவாகரத்துக்குப் பிறகு நான் யாருக்குமே ஒழுங்காக எழுதவில்லை.

"தனியாக" என்பது நான் எழுதியதில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். நான் "நாங்கள்" என்றுதான் முதலில் எழுதினேன். பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, "யாரும்மா அந்த இன்னொருத்தி? வாசகிக்கு ஒரு ஆள் போதும், ஒரு முகம் போதும்" என்றார். மாற்றிவிட்டேன். இருபது வருடம் ஒரே பத்திரிகையில் இருந்தால் சண்டை போடும் இடம் எது, போடாத இடம் எது என்று தெரிந்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நீ சிரிப்பாய். வாரம் ஒரு மூட்டை. ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போடலாம் என்கிறார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், உன்னிடம் மட்டும். எனக்குத் தெரிந்தது நாலு வாரத்தில் தீர்ந்துவிட்டது. போன வாரம் பெல்ட்டைப் பற்றி எழுதினேன். பெல்ட்டைப் பற்றி நான் என்னத்தைக் கண்டேன். ஹஃப்ஸியா சந்தையில் பழைய துணிக் குவியலுக்குள் கையை விட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாயே, எதை எடுப்பது எதை விடுவது என்று, அது என்ன கணக்கு? நான் உன் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. நீ சொன்னால்தான் எனக்கு எழுத வரும்.

ரீமுக்கு என் முத்தங்கள்.

உன் விதாத்


கெஃப்
13 டிசம்பர் 1998

அன்புள்ள விதாத்,

பத்து நாளாக இதை எழுதுகிறேன். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு பக்கம். ஹாதி, "என்ன, காதல் கடுதாசியா?" என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். மதிப்பெண்ணைத் தவிர வேறு விஷயத்தில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டு வருடங்கள் ஆகிவிட்டன.

குவியலில் முதலில் கண்ணை நம்பாதே, கையை நம்பு. கம்பளித் துணியாக இருந்தால் ஒரு முனையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ணிவிட்டு விடு. சுருக்கம் தானாக விரிந்தால் எடு. முகம் சுளித்தபடியே இருந்தால் விட்டுவிடு, அது உன்னையும் அப்படித்தான் காட்டும். கருநீலத்தையும் கருப்பையும் கடை விளக்கில் பிரிக்க முடியாது, வெயிலுக்குக் கொண்டுபோ. கடைக்காரன், "கலைக்காதம்மா, கலைக்காத, எல்லாம் பாரீஸ் சரக்கு" என்று கத்துவான். கத்தட்டும்.

இடுப்பைச் சிறிதாக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், கையை மடிக்கலாம். தோளை ஒன்றும் செய்ய முடியாது. தோள் தையல் உன் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்கவில்லையென்றால், அது பட்டாக இருந்தாலும் உன் உடையல்ல.

நம்முடைய நிறங்கள் நினைவிருக்கிறதா? வெள்ளை, சாம்பல், கருநீலம். அந்த ஓவர்கோட்டுக்காக மட்டும் ஒட்டக நிறம். நீ மஞ்சள் சட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நின்றாய். "இது நம்ம அலமாரில எதோட சேரும், நாலு சொல்லு" என்றேன். ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை. அதுதான் கணக்கு, வேறொன்றுமில்லை. உள்ளே வரும் எதுவும் ஏற்கெனவே இருக்கும் நாலோடு சேர வேண்டும். அந்தச் சாம்பல் ஸ்கர்ட் வெள்ளைச் சட்டையோடு வகுப்புக்கு, கருநீல ஸ்வெட்டரோடு நூலகத்துக்கு, கருநீலப் பட்டு ரவிக்கையோடு கல்யாணத்துக்கு, ஓவர்கோட்டோடு மழைக்கு. சத்தம் போடும் பொருள் ஒன்று போதும். நமக்குச் சிவப்புக் கழுத்துத்துணி.

பொத்தான்களை மாற்று. பழைய கோட்டில் நல்ல பொத்தான் வைத்தால் அதற்குப் புதிய அப்பா அம்மா வந்துவிடுகிறார்கள். வெள்ளைச் சட்டையை முழுக்கத் தேய்க்க நேரமில்லையென்றால் கழுத்துப் பட்டையையும் கை முனையையும் மட்டும் தேய்.

ஸூஸ் ஊர்ப் பணக்காரி ஒருத்தி நம்மிடம் கேட்டாளே, "நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு துணிதான் வச்சிருக்கீங்க, அலமாரியைத் திறந்து காட்டுங்களேன்" என்று. நீ சாவி தொலைந்துவிட்டது என்றாய். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினொன்று. நான் திங்கட்கிழமை போட்டதை நீ புதன்கிழமை போட்டாய், மூன்று வருடம் ஒருத்திக்கும் தெரியவில்லை. இதைக் கட்டாயம் எழுது. பதினோரு உடைகள் ஒருத்திக்கு என்று எழுதியிருக்கிறாய். உண்மை இன்னும் நன்றாக இருக்கிறது.

இன்னும் பன்னிரண்டு பக்கம் இணைத்திருக்கிறேன். ஒன்று கேட்கட்டுமா, தப்பாக நினைக்காதே. புத்தகத்தில் என் பெயர் எங்காவது வருமா?

உன்,
ரவ்தா


துனிஸ்
2 பிப்ரவரி 1999

கண்ணே ரவ்தா,

எங்காவதா? முதல் பக்கத்திலேயே.

பன்னிரண்டு பக்கத்தையும் பதிப்பாளரிடம் படித்துக் காட்டினேன். "உங்களுக்கு இவ்வளவு தெரியும்னு தெரியாதே" என்று அசந்துபோனார். ஒரே ஒரு குறை சொல்கிறார். ஆரம்பத்தில் ஒரு கதை வேண்டுமாம். ஒரு கஷ்டம், ஓர் அவமானம், அதிலிருந்து ஒரு பெண் எழுந்து வருகிற மாதிரி. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தனியே ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். மறுக்கக் கூடாது. கடையில் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது.

முத்தங்களுடன்,
விதாத்


கெஃப்
1 மார்ச் 1999

அன்புள்ள விதாத்,

பார்சல் வந்தது. ஊதாப் பூப்போட்ட, ஒவ்வொரு பொத்தானிலும் சிங்க முகம் வைத்த கோட்டைப் பார்த்ததும் உனக்கு ஏன் என் ஞாபகம் வருகிறது என்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து யோசித்தோம். ரீம், "பதினோரு துணி எழுதற அத்தையா இதை வாங்கினாங்க?" என்றாள். அவளைக் கண்டித்தேன். பொத்தான்களை வெட்டி டப்பாவில் போட்டாயிற்று. மனசுக்கு நன்றி, உண்மையாகவே.

கதை வேண்டுமென்று எழுதியிருந்தாய். அலமாரிச் சாவிக் கதையைப் போடு. மழையில் நனைந்த ஓவர்கோட்டை விடுதிச் சமையல்காரியின் ரொட்டி அடுப்புப் பக்கம் காயவைத்து, ஒரு வாரம் நாம் இரண்டு பேரும் ரொட்டி வாசத்தோடு திரிந்தோமே, அதைப் போடு.

நேர்முகத் தேர்வு நாளை மட்டும் எழுதாதே. நாம் அதைப் பற்றி இருபது வருடமாகப் பேசவில்லை, பேசாமலே நன்றாக இருந்திருக்கிறோம். அது புத்தகத்துக்கு உரியதில்லை, விதாத். அது என்னுடையது.

ரீமின் தேர்வு ஜூனில். துனிஸில் இடம் கிடைக்க வேண்டுமென்று துஆ செய்.

ரவ்தா


துனிஸ்
20 மே 1999

அன்பு ரவ்தா,

புத்தகம் வந்துவிட்டது. முதல் பிரதிகளில் ஒன்று உனக்கு. அட்டையின் கருநீலம் நீ சொல்கிற கருநீலமா என்று வெயிலில் வைத்துப் பார்த்துச் சொல்.

நிறைய வேலை. வானொலியில் பேசச் சொல்கிறார்கள். நீ படிக்கும்போது ஓரிடத்தில் உனக்கு மனசு கொஞ்சம் சங்கடப்படலாம். பதிப்பாளர் விடவில்லை. புத்தகம் என்பது வேறு, வாழ்க்கை என்பது வேறு. நீ புரிந்துகொள்வாய் என்று எனக்குத் தெரியும். நீ எப்போதும் புரிந்துகொள்பவள்.

ரீமின் தேர்வுக்கு வாழ்த்து.

உன் விதாத்


கெஃப்
27 ஜூன் 1999

விதாத்,

புத்தகம் மூன்று வாரமாக மேசையில் இருந்தது. ரீமின் தேர்வு முடியட்டும் என்று நான் தொடவில்லை. முடிந்த அன்று அவளே எடுத்தாள். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன், அவள் சத்தமாக வாசித்தாள்.

முதல் அத்தியாயம். 1979 ஜூன். ஒரு பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு. அவளிடம் இருக்கும் ஒரே கருநீலக் கோட்டு கைக்கு வராமல் போகிறது. விடுதிக் கண்காணிப்பாளரின் பழுப்புக் கார்டிகனை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஜூன் வெயிலில் வியர்த்தபடி போகிறாள். மேசைக்குப் பின்னாலிருந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டு வேலையைப் பாதில விட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்கிறாள். ஐந்து நிமிடத்தில் வெளியே.

ரீம் வாசிப்பதை நிறுத்தினாள்.

"அம்மா, இது நீ சொன்ன கதையாச்சே. கார்டிகன் போட்டுட்டுப் போனது நீதானே?"

"ஆமா."

"அப்ப இவங்க எதுக்கு 'நான்'னு எழுதியிருக்காங்க?"

நான் பட்டாணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சொன்ன கதையில் கோட்டு ஏன் வரவில்லை என்ற உண்மையை நான் சொன்னதில்லை. தையல் விட்டுப்போயிற்று என்று சொல்லியிருந்தேன். உன்னை அவள் முன்னால் அவ்வளவு காப்பாற்றி வைத்திருந்தேன்.

இப்போது உனக்கே சொல்கிறேன், நீ மறந்திருந்தால். உன் பத்திரிகையில் ஒரே ஓர் இடம் இருந்தது, நாம் இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். யாருக்குக் கிடைத்தாலும் சரி என்று கை கொடுத்துக்கொண்டோம். உனக்குச் செவ்வாய்க்கிழமை, எனக்குப் புதன்கிழமை காலை பத்து மணி. நம் கருநீலக் கோட்டை முதலில் நீ போட்டுக்கொண்டு போய், மாலையில் திரும்பிவிட வேண்டும். நான் புதன்கிழமை ஒன்பது மணி வரை விடுதி வாசலில் நின்றேன். நீ வியாழக்கிழமை வந்தாய். லா மர்ஸாவில் சித்தி மயங்கி விழுந்துவிட்டாள், விட்டுவர முடியவில்லை என்றாய். மயக்கத்துக்கு நல்லதென்று நான் சித்திக்கு ஒரு புட்டி ஆரஞ்சுப் பூ நீர் கொடுத்தனுப்பினேன்.

அதன் பிறகு உன் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, அந்த அம்மாள் கேட்ட கேள்வியை அழுதுகொண்டே சொன்னேன். நீ என் தலைமுடியைக் கோதிக்கொண்டே கேட்டாய். ஒரு சொல் பிசகாமல் புத்தகத்தில் இருக்கிறது. அப்போதே மனப்பாடம் செய்துகொண்டாயா?

வேறொரு அலுவலகத்தில் நடந்ததாக மாற்றியிருக்கிறாய். அதற்கு மட்டும் உனக்கு யோசனை இருந்திருக்கிறது.

என் பெயரையும் தேடினேன். கடைசிப் பக்கத்தில், தட்டச்சு செய்தவருக்கும் உன் முடிதிருத்துபவருக்கும் நடுவில், "கெஃபிலிருந்து சில குறிப்புகள் தந்து உதவிய ஓர் ஆசிரியைக்கு" என்று இருக்கிறது.

துணி, நிறம், தோள், பொத்தான் எல்லாம் எடுத்துக்கொள். நான் கொடுத்தேன், நீ எடுத்தாய். ஆனால் நான் பட்ட அவமானத்தை நீ எப்படி எடுத்துப் போட்டுக்கொண்டாய்? எழுதாதே என்று உன்னிடம் கேட்டது அது ஒன்றைத்தானே.

ரவ்தா


துனிஸ்
15 ஜூலை 1999

ரவ்தா,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். இதைத் திருத்தாமல் அனுப்புகிறேன்.

சித்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை என்னிடம் கேள்விகள் முடிந்ததும் அந்த அம்மாள் ஒரு தாளைப் பார்த்தாள். என் பெயருக்குக் கீழே உன் பெயர். பக்கத்தில் மதிப்பெண். "நாளைக்கு வர்ற பொண்ணு உங்களைவிட நல்லாப் படிச்சவளா இருக்காளே. உங்க விடுதிதான் போலிருக்கு. தெரியுமா?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சொன்ன பிறகு விடுதிக்குத் திரும்பி உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லா மர்ஸாவுக்குப் போனேன். கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசி ரயில் போவதற்குள் எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். எழவில்லை. மறுநாள் காலையும் எழவில்லை. முகத்தைப் பார்க்க வெட்கம் என்பது பாதி உண்மைதான். மீதியை நீயே எழுதிக்கொள்.

அந்தக் கதையை நான் பல விருந்துகளில் சொல்லியிருக்கிறேன், ரவ்தா. முதலில் "என் தோழி ஒருத்தி" என்றுதான் சொன்னேன். அப்படிச் சொன்னால் "கோட்டு ஏன் வரல?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். "நான்" என்று சொன்னால் யாரும் அதைக் கேட்பதில்லை, ஐயோ பாவம் என்கிறார்கள். சொல்லிச் சொல்லி, அந்தக் கார்டிகனின் அரிப்பு என் கழுத்திலேயே இருந்தது போல் ஆகிவிட்டது. எழுதும்போது பொய் எழுதுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம்ப மாட்டாய்.

புத்தகம் நன்றாகப் போகிறது. இரண்டாம் பதிப்பு வரும். அதில் உன் பெயரை அட்டையிலேயே போடச் சொல்கிறேன், சண்டை போட்டாவது. கெஃபுக்கு வந்து உன் காலில் விழச் சொன்னாலும் வருகிறேன். ரீம் துனிஸுக்கு வந்தால் என் வீட்டில் தங்கட்டும், ஓர் அறை சும்மா கிடக்கிறது. அவளை என் மகளாகப் பார்த்துக்கொள்கிறேன். இதையாவது செய்ய விடு.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

விதாத்


கெஃப்
5 செப்டம்பர் 1999

விதாத் அவர்களுக்கு,

சித்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கு 1981 முதல் தெரியும். உங்கள் கல்யாணத்தில் மருதாணி வைக்கும் இடத்தில் ஸக்கியா சித்தி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "இப்ப உடம்பு எப்படி இருக்கு சித்தி, அன்னிக்கு மயங்கி விழுந்தீங்களே" என்று கேட்டேன். "நானா? என் ஆயுசுல ஒரு நாள் படுத்ததில்ல. யாரோ கண்ணு வைக்கப் பார்க்கறாங்க" என்று என் தோளில் அடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எழுந்துபோய் மணப்பெண்ணின் கழுத்துத்துணியைச் சரிசெய்தேன். படங்களில் பார்க்கலாம், நான்தான் நிற்கிறேன்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இவள் வெட்கப்படுகிறாள், அதனால்தான் பொய் சொல்கிறாள், வெட்கப்படுகிறவளை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கடிதம் வராத வருடங்களில் வெட்கம் என்று நினைத்தேன். இரண்டு வரி வாழ்த்து அட்டையிலும் வெட்கம் என்றே நினைத்தேன். பதினெட்டு வருடம் அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டு உங்களைத் தோழி என்று சொல்லி வந்தேன். அந்தப் பதினெட்டு வருடமும் நீங்கள் அதை விருந்துகளில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

"தெரியாது" என்று சொன்னது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரிவித்ததற்கு நன்றி.

அட்டையில் என் பெயர் வேண்டாம். கடைசிப் பக்கத்து ஆசிரியையையும் எடுத்துவிடுங்கள்.

ரீம் தேறிவிட்டாள். துனிஸில் மருந்தியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, பெண்கள் விடுதியில் அறையும். நேற்று விடுதிப் படிவம் நிரப்பினாள். அதில் ஒரு கட்டம், அவசரத்துக்கு நகரத்தில் அறிந்தவர் பெயரும் முகவரியும்.

"அந்தம்மா பேரை எழுதவாம்மா?" என்றாள்.

"வேணாம். காலியா விடு."

"காலியா விட்டா வாங்க மாட்டாங்க. எதையாவது எழுதணும்."

"அப்ப 'யாரும் இல்லை'ன்னு எழுது."

எழுதினாள். கீழே தாயின் கையெழுத்து என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். இன்று காலை தபாலில் சேர்த்தாயிற்று.

ரவ்தா ஜ்லாஸி
சரித்திர ஆசிரியை, கெஃப்